ரவுட்டர் இல்லாமல் போன ஜாதகம்

எலுமிச்சம்பழம் நசுக்கியாகிவிட்டது, கற்பூரம் காட்டியாகிவிட்டது, நெற்றியில் சந்தனம் குங்குமம்கூட வைத்தாகிவிட்டது. பிரிண்டர் மட்டும் மூச்சு விடவில்லை.

"பிரிண்ட் குடுத்தியாம்மா?" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தார் ரத்தினவேல்.

"குடுத்துட்டேம்ப்பா. போயிருச்சுன்னு காட்டுது" என்று உள்ளறையிலிருந்து மகள் சுப்ரியா பதில் சொன்னாள்.

"இங்க ஒண்ணும் வரலியே?"

"இங்கருந்து போயிருச்சுப்பா."

போனது எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைய ஞாயிற்றுக்கிழமை மற்ற ஞாயிற்றுக்கிழமைகளைப் போலக் கோழிக்குழம்போடு முடிந்திருக்கும்.

ரத்தினவேல் ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். அவருடைய வேதம் ஒன்றே ஒன்றுதான்: காரணமில்லாமல் எந்த மெஷினும் நிற்காது, காரணமில்லாமல் எந்த மெஷினும் ஓடாது. போன மாதம் கம்பெனி பழைய சாமான்களை ஏலம் விட்டபோது, ஸ்டோர்ஸில் கிடந்த பிரிண்டரையும் அதோடு ஒரு பிரிண்ட் சர்வரையும் எடுத்துவந்திருந்தார். சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி அது. ஒரு பக்கம் பிரிண்டர், மறுபக்கம் ரவுட்டர் என்று சொருகிவிட்டால், வீட்டில் யார் எந்த மூலையில் இருந்து அமுக்கினாலும் காகிதம் வந்து விழும்.

நேற்று மாலை விழுந்தது. மனைவி ஜோதிமணி சமையலறையில் நின்று ஃபோனில் அமுக்க, கூடத்தில் சுடச்சுட ஒரு காகிதம் வந்தது. ரத்தினவேலுக்குக் கையெல்லாம் புல்லரித்துவிட்டது.

"ஒயர் இல்ல, ஒண்ணும் இல்ல, காத்துலயே போவுது பாருடி!"

"காத்துல போறது இருக்கட்டும். நாளைக்கு ஜாதகம் ஒழுங்கா வரட்டும்" என்றாள் ஜோதிமணி.

பிரச்சினை அந்த ஜாதகம்தான். சுப்ரியாவுக்கு எட்டில் செவ்வாய். வந்த வரன்கள் எல்லாம் காபியைக் குடித்துவிட்டு, ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதாசி போடாமலே இருந்துவிட்டார்கள். கடைசியில் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை வைத்திருக்கும் ஒருவர் தன் பையனுக்கும் செவ்வாய் தோஷம் என்று தானாக வந்து மாட்டினார். பதினோரு மணிக்கு பெங்களூர் போகிற வழியில் வீட்டுக்கே வந்து ஜாதகத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை: "பேப்பர்ல குடுத்துருங்க. ஃபோன்ல வர்ற ஜாதகத்த எங்க ஜோசியர் தொடமாட்டாருங்க." இந்த இடமும் தவறினால் அடுத்த இடம் எங்கே என்று ரத்தினவேலுக்குத் தெரியவில்லை.

"ஏங்க, தெருமுனை ஜெராக்ஸ் கடையில ஒரு நிமிசத்து வேல" என்றாள் ஜோதிமணி.

"அந்தப் பேச்சே எடுக்காத."

எடுக்கக் கூடாதுதான். இரண்டு மாதத்துக்கு முன் அந்தக் கடையில்தான் ஜாதகத்தை எடுத்தார்கள். மை சரியில்லாத ஒரு தாளைக் கடைக்காரர் பழைய பேப்பரோடு போட்டுவிட்டார். மறுநாள் கம்பெனி வாசல் டீக்கடையில் ரத்தினவேல் பஜ்ஜியைப் பிரித்தால், உள்ளே சுப்ரியாவின் ராசிக்கட்டம். செவ்வாய் இருந்த வீட்டில் எண்ணெய் ஊறியிருந்தது.

"பாப்பாவுக்கு எட்டுல செவ்வாயா சார்?" என்று கேட்டார் டீக்கடைக்காரர். "வைத்தீஸ்வரன்கோயில் ஒருவாட்டி போயிட்டு வாங்க. இன்னொரு பஜ்ஜி வெக்கட்டுங்களா?"

அன்றைக்கே சபதம் செய்தார் ரத்தினவேல்: இனி என் மகள் ஜாதகம் இந்த வீட்டு வாசற்படியைத் தாண்டாது. அதற்காகத்தான் ஏலம், பிரிண்டர், பெட்டி எல்லாம்.

"ஒரு காப்பி குடுத்தா சோம்பேறித்தனமா இருக்கும்போல. அஞ்சு காப்பி குடும்மா, உருளை வேகம் எடுக்கட்டும்" என்றார் இப்போது.

"அஞ்சா? சரிப்பா" என்றாள் சுப்ரியா. பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். மடிக்கணினியை விட்டு நிமிராமலே அமுக்கினாள். "போயிருச்சு."

பிரிண்டர் அசையவில்லை. ரத்தினவேல் ரவுட்டரைப் பார்த்தார். பச்சையாக இருக்க வேண்டிய விளக்கு சிவப்பாக இருந்தது.

"அட கெரகமே! லைன் இல்ல!" உடனே இன்டர்நெட் கனெக்ஷன் போட்டுத்தந்த கோபிக்கு ஃபோன் பண்ணினார். கோபி, "தளி ரோட்டுல கம்பத்து மேல இருக்கேங்க, எறங்கி வந்துர்றேன்" என்றார்.

கம்பத்தை நம்பினால் பதினோரு மணிக்கு ஆகாது. ரத்தினவேல் ரவுட்டரை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போட்டார். மறுபடியும் சிவப்பு.

"இன்னொரு அஞ்சு குடும்மா."

"போயிருச்சுப்பா."

பொறுமை போய்விட்டது. ரவுட்டரை ஒயரோடு பிடுங்கி மேஜைமேல் வைத்தார். மறதியில், "குடுத்துப்பாரு" என்றும் சொல்லிவிட்டார்.

"போயிருச்சுப்பா."

ரத்தினவேல் கையில் இருந்த ரவுட்டர் ஒயரையும் மகள் இருந்த அறையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்படிம்மா போவும்? ரவுட்டர் ஒயரே என் கையில இருக்கு!"

"வைஃபை ஃபுல்லா காட்டுதேப்பா."

அவருக்கு முதல் தடவையாக லேசாக வியர்த்தது. ஜோதிமணியைக் கூப்பிட்டு, "ரவுட்டரே இல்லாம போவுதுடி!" என்றார், தணிந்த குரலில்.

"போறது சரி. வர்றது எப்போ?"

அது நியாயமான கேள்வி. அப்படியானால் குற்றம் பிரிண்டர்மேல்தான் என்று தீர்ப்பெழுதி, ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். மூடி கழன்றது. உருளை கழன்றது. ஒரு ஸ்பிரிங் துள்ளிச் சோபாவுக்கு அடியில் போனது. அது எங்கிருந்து வந்தது என்று தேடுவதற்குள் இன்னொன்றும் போனது. பத்தரை மணிக்கு, சந்தனம் வைத்த நெற்றி ஒரு பக்கமும் வயிறு ஒரு பக்கமுமாகப் பிரிண்டர் கூடம் முழுக்கப் பரவிக் கிடந்தது.

"கோழி உரிச்ச மாதிரி இருக்குங்க" என்றாள் ஜோதிமணி.

ரத்தினவேல் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். சபதமாவது மண்ணாவது, ஜெராக்ஸ் கடைக்கே ஓடிவிடலாம் என்று எழுந்து சட்டையை மாட்டினார். அப்போதுதான் மாடிப்படியில் கொலுசுச் சத்தமும் கூடவே சாம்பிராணி வாசமும் இறங்கி வந்தன.

வீட்டு ஓனர் சென்னம்மா. மேல்மாடியில் ஒரே மகனோடு இருப்பவர். ஓசூரிலேயே பிறந்து வளர்ந்த கன்னடக்காரர். தமிழும் பேசுவார், ஆனால் அவசரத்தில் இரண்டும் கலந்துவிடும். தலையில் ஈரத்துண்டு, கையில் தாம்பாளம், தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம். அவற்றுக்கு நடுவே ஒரு கட்டுக் காகிதம். பின்னால் தேங்காயைப் பிடித்துக்கொண்டு மகன் மாதவன், ரத்தினவேலின் கம்பெனியிலேயே குவாலிட்டியில் இருப்பவன், தரையைப் பார்த்தபடி நின்றான்.

"ரத்தினவேலு, நோடு, பாரு இத!" என்றார் சென்னம்மா. கண்ணில் நீர் நின்றது. "காலைல பூஜை பண்றேன். மணி ஆட்டறேன். தேவரு, சாமி முன்னாடி கரகரன்னு சத்தம். காயிதம் வருது! நான் பயந்து மணிய நிறுத்தினா அதுவும் நிக்குது. மறுபடி ஆட்டறேன், அஞ்சு வருது! தீபம் காட்டறேன், அஞ்சு வருது! எடுத்துப் பாத்தா, நம்ம சுப்ரியா ஜாதகம்!"

ரத்தினவேலுக்கு முதலில் வந்தது கோபம். வாசற்படி தாண்டாது என்று சபதம் செய்த ஜாதகம், படியேறி ஓனர் வீட்டுப் பூஜை அறைவரை போயிருக்கிறது! கட்டை வாங்கிப் புரட்டினார். எட்டில் செவ்வாய், எட்டில் செவ்வாய், எட்டில் செவ்வாய். ஒவ்வொரு தாளிலும் நான்கு மூலைக்கும் மஞ்சள் வைத்தாகிவிட்டது.

"உங்க பூஜை ரூம்ல பிரிண்டரு எப்படிம்மா?"

"இவன் ஏலத்துல எடுத்தது. அங்கதான் பிளக்கு இருக்குது."

"அங்கிள், அது வந்து, ரெண்டும் ஒரே ஸ்டோர்ஸ்ல மெயினும் ஸ்டாண்ட்பையுமா இருந்ததுங்க, ரெண்டுக்கும் பேரு..." என்று மாதவன் ஆரம்பித்தான்.

"சும்னிரோ!" என்று அதட்டினார் சென்னம்மா. "தேவரு விஷயத்துல நீ பேசாதே." பிறகு ரத்தினவேல் பக்கம் திரும்பி, "இவனுக்கும் செவ்வாய்தான், உனக்குத் தெரியாது. ஒரு காயிதத்த எடுத்துட்டு மலைக்கோயில் ஜோசியர்கிட்ட ஓடினேன். பத்துக்கு ஒம்போது பொருத்தம்ப்பா! அவரே கையெடுத்துக் கும்பிட்டாரு" என்றார்.

ரத்தினவேல் யோசித்தார். ரவுட்டர் மேஜைமேல் செத்துக் கிடக்கிறது. பிரிண்டர் அக்கு வேறு ஆணி வேறாகக் கிடக்கிறது. கீழ்வீட்டிலிருந்து மேல்வீட்டுக்கு ஒரு நூலிழைகூடப் போகவில்லை. காரணமில்லாமல் எந்த மெஷினும் ஓடாது என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பார்! இதோ ஓடியிருக்கிறது. அதுவும் மணி அடித்தால் ஓடியிருக்கிறது.

முதுகுத்தண்டில் சில்லென்று ஏதோ ஏறியது. தன்னை அறியாமல் அந்தக் காகிதக் கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மாதவன் நல்ல பையன் என்று ஜோதிமணி போன வருடமே ஜாடையாகச் சொன்னாள். அப்போது, "வேற பாஷ, வேற வழக்கம். ஊத்தங்கரையில நம்ம சனத்து முன்னாடி தலகாட்ட முடியுமா?" என்று சீறியவர் இவர்தான். இப்போது ஊத்தங்கரைச் சனம் கேட்டால் சொல்லிக்கொள்ள அவரிடம் பதில் இருந்தது. சாமியே பிரிண்ட் போட்டுக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல எந்தச் சனத்துக்கு நெஞ்சுரம் உண்டு?

"உனக்கு சம்மதமாடி?" என்று ஜோதிமணி உள்ளே பார்த்துக் கேட்டாள்.

சுப்ரியா வாசல்வரை வந்து நின்றாள். "இத்தன காப்பி போட்டுக் குடுத்துருக்காரு சாமி. நான் என்னம்மா சொல்றது?" என்றாள். மாதவன் தேங்காயைக் கீழே போடாமல் இருந்ததே பெரிய விஷயம்.

ஃபோன் அடித்தது. மாங்கூழ்க்காரர்.

"பேகேபள்ளி திரும்பற எடத்துல நிக்கிறேங்க. ஜாதகம் ரெடிங்களா?"

"மன்னிச்சுக்குங்க" என்றார் ரத்தினவேல். "வேற எடத்துல பொருந்திப்போச்சுங்க."

"நேத்து ராத்திரிகூடப் பேசினமே! எப்பங்க பொருந்துச்சு?"

"இப்பதாங்க. பிரிண்ட் ஆனதும்."

அந்தப் பக்கம் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

தாம்பாளம் கை மாறியது. சென்னம்மா ஜோதிமணிக்குக் குங்குமம் வைத்துவிட்டு, சுப்ரியாவின் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தார். ஜோதிமணி கேசரி கிண்டப் போனாள். எல்லோரும் மாடிக்குப் போய் அந்தப் பிரிண்டரை விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தார்கள். ரத்தினவேல் இரண்டு தடவை கும்பிட்டார்.

அவர் கீழே வந்து, கூடத்தில் கிடந்த உதிரிகளைப் பயபக்தியோடு ஒரு தட்டில் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் கோபி வந்து சேர்ந்தார். நடுவயதுக்காரர், தோளில் ஒயர்ச்சுருள். ரவுட்டரைச் சொருகிப் பார்த்துவிட்டு, "காலைல லாரி ஒண்ணு உங்க வீட்டு கேபிள இழுத்துட்டுப் போயிருச்சுங்க. ஜாயின்ட் போட்டுட்டேன்" என்றார். விளக்கு பச்சையானது.

"கோபி, உங்களுக்கு விஷயம் தெரியுமா?" என்று ஆரம்பித்து, மணி, தீபம், ஜாதகம், மலைக்கோயில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார் ரத்தினவேல். சொல்லும்போதே மறுபடி புல்லரித்தது.

கோபி தலையைச் சொறிந்தார். "அதிசயம்லாம் இல்லீங்க. உங்க லைன் போனா பாப்பா லேப்டாப்பு தானா மேல்வீட்டு வைஃபையைப் புடிச்சுக்கும். ரெண்டு பிரிண்டரும் ஒரே ஸ்டோர்ஸ்லருந்து வந்ததுன்னா பேரும் ஒண்ணாத்தான் இருக்கும். அதான் அங்க போய் வந்துருக்கு."

"அதெப்படிப் புடிக்கும்? பாஸ்வேர்டு வேணாமா?"

"பாப்பாவுக்குத் தெரியாதுங்களா? பாஸ்வேர்டே பாப்பா பேருதானுங்களே!"

ரத்தினவேலின் கையிலிருந்த தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. ஸ்பிரிங் ஒன்று மறுபடி சோபாவுக்கு அடியில் உருண்டு போனது.

"மாதவனா அப்படி வெச்சான்?" என்றார் மெதுவாக.

"அவருக்கு அவ்வளவு தைரியம் ஏதுங்க?" கோபி ஒயர்ச்சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார். "கனெக்ஷன் குடுத்த அன்னிக்கே சென்னம்மா சொன்னது. 'பாஸ்வேர்டா? எம் மருமக பேரப் போடு கோபி, இப்போதைக்கு வெளிய சொல்லாத'ன்னாங்க. ரெண்டு வருசம் ஆச்சு... இப்ப சொல்லலாமில்லீங்க?"