பாதை திறக்கும் டைஸ்டோவை வழிபடும் விதிகள் குறித்து

'ஏழாம் பகடை' இதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

கயானியிலிருந்து டைஸ்டோ ஹெய்க்குரா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் மனைவி ஹில்க்காவும் நலம். அவள் முழுமையாக, நான் ஓரளவுக்கு. அங்கு உங்கள் அலுவலகத்தில் எல்லோரும் கதகதப்பாக இருக்க விரும்புகிறேன்.

நான் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் உங்கள் ஆட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் ஆட்டத்தில் வீரர்களையும் சிறுதெய்வங்களையும் வழிபடும் விதிகள் என்று டிசம்பர் இதழில் போட்டிருக்கிறீர்களே, அந்தப் பக்கத்தில் நான் இருக்கிறேன். 'பாதை திறக்கும் டைஸ்டோ, பனிப்புயலின் சிறுதெய்வம். காணிக்கை: ஒரு பிடி பனி. பெயர் சொல்லி அழைத்தால் வழி திறப்பார். அருளும்போதெல்லாம் தம் உடம்புச் சூட்டில் கொஞ்சம் இழப்பார்.' படம் வேறு. எனக்குத் தாடி கிடையாது.

இது தொடங்கியது இலையுதிர் காலத்தில், ஊரில் ஒரு பொட்டுப் பனி விழாத வியாழக்கிழமை, காலணிக்குள் காலை விட்டேன், உள்ளே பனி. "ஃப்ரீசரைச் சுத்தம் பண்ணி இதுலயா கொட்டின?" என்றாள் ஹில்க்கா. அப்புறம் ஒவ்வொரு வியாழனும் அதே கதை, சவுனா என்கிற நீராவி அறையில் சூடான கல் சீறச் சீற அவள் தண்ணீர் ஊற்றுகிறாள், அவள் சிவந்து போகிறாள், எனக்குப் பல் கிட்டுகிறது, "எம்பது டிகிரியில நடுங்குற ஆளு இந்த நாட்டுலயே நீ ஒருத்தன்தான்" என்கிறாள். டாக்டர் வெப்பமானியை உதறிப் பார்த்தார், வேறொன்று கொண்டுவந்தார், அதையும் உதறினார். காப்பி குடிக்கும்போது யாரோ காதருகே பெயர் சொல்வார்கள், என் கால் தானாக அடுக்களைத் தரையில் ஆக்சிலேட்டரை மிதிக்கும். டிசம்பர் இதழ் வந்தபின் நாள் கிழமை எதுவும் இல்லை, நாடெங்கிலுமிருந்து அழைக்கிறார்கள். தூரத்துத் துர்க்கு பக்கத்து ஆள் தன் வட்டாரப் பேச்சில் பேசினால் பாதி புரிவதில்லை, ஆனாலும் போகத்தான் வேண்டியிருக்கிறது.

நூலகத்தில் வேலை செய்யும் ஹில்க்காவின் தோழிதான் உங்கள் இதழைக் காட்டினாள். அந்தத் தெய்வத்தை எழுதிய குழு எங்கள் நூலகத்தின் மூன்றாவது மாடியில், வியாழன்தோறும் ஆடுகிறதாம். போனேன். கதை நடத்தும் சைமி என்ற பெண் என்னைப் பார்த்ததும் வெளிறிப்போனாள். ஒரு குளிர்காலத்தில் பள்ளத்தில் சரிந்த அவர்கள் வேனை நான்தான் இழுத்துவிட்டேன்.

"நீங்க செத்துட்டீங்கன்னு பேப்பர்ல பாத்தோமே!"

"அது பால்தமோ ஊர்க்கார டைஸ்டோம்மா. மீன் பிடிக்கிறவன்."

"ஐயையோ. விதிப்படி செத்தவங்களத்தான் கும்பிடலாம்."

"அப்ப நிறுத்திடுங்க."

விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். "நிறுத்தலாம். ஆனா கும்பிடுறவங்க எல்லாருக்கும் தெரியணும். ஒருத்தர் விட்டுப்போனாலும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்பாங்க."

மூலையில் இருந்த தடித்த மனிதர் ஒருவர் எழுந்து குல்லாயைக் கழற்றினார். "போன வாரம் கணவாயில எங்களைக் காப்பாத்துனீங்க. ரொம்ப நன்றிங்க."

"கதையிலதானே?"

"கதையிலதான். ஆனா உங்க வண்டியோட மஞ்ச விளக்க சைமி சொல்லல." அவர் கை ஜன்னலைக் காட்டியது. "அது அங்க சுத்துச்சு. வெளிய."

யாரும் சிரிக்கவில்லை. பகடையையும் யாரும் எடுக்கவில்லை.

ஐயா, எனக்குக் கோபமில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதிரி தெய்வத்திலிருந்தும் ஓய்வு கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். பாதை திறக்கும் டைஸ்டோவை இனி அழைக்கக் கூடாது என்று அடுத்த இதழில் முதல் பக்கத்திலேயே போடுங்கள். இப்போதெல்லாம் வாசலில் நின்று பேசினால் ஹில்க்காவின் வாயிலிருந்து ஆவி வருகிறது. என் வாயிலிருந்து வருவதில்லை. அவள் அதைக் கவனித்துவிட்டாள். கேலி செய்வதையும் விட்டுவிட்டாள்.

நீங்களும் உங்கள் வாசகர்களும் போகும் சாலையெல்லாம் பனி உருக உப்புத் தூவியதாக இருக்கட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
டைஸ்டோ ஹெய்க்குரா

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் அச்சிட வேண்டாம். சோட்கமோவில் தங்கையைப் பார்க்கப் போன ஹில்க்கா, திரும்பும் வழியில் சற்றுமுன் போன் செய்தாள். புயல்.

"ரோடே தெரியல டைஸ்டோ. சக்கரம் சுத்துது, வண்டி நகரல. போன்ல சார்ஜும் இல்ல."

"வண்டிய விட்டு இறங்காத. ஆள் அனுப்பச் சொல்றேன்."

"சொல்லிட்டேன். காலையிலதான் வர முடியுமாம்." பிறகு கேட்டாள், "அந்தப் பொஸ்தகத்துல உன் பேர எப்பிடிச் சொல்லணும்னு போட்டிருந்துச்சு?"

"வேணாம், ஹில்க்கா. சூடு போயிடும்னு நீதானே பயந்த?" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைச் சொன்னேன். அத்துடன் போன் அடங்கிவிட்டது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, பெயரை எடுத்துவிடாதீர்கள். விதி அப்படியே இருக்கட்டும். இதோ, கூப்பிடுகிறாள். போனில் அல்ல. போய்வருகிறேன்.