வீட்டுக் கையெழுத்தும் பேங்குக் கையெழுத்தும்

என்னை ஏமாற்றப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். 'முதலாளி' என்று கூப்பிட்டால் போதும். மிச்சத்தை நானே பார்த்துக்கொள்வேன்.

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. (நான் அதைக் கைவிட்டதாகத்தான் வெளியில் சொல்லி வைத்திருக்கிறேன்.) தோவாளைச் சந்தையில் அடுத்தவன் பூக்கூடையைத் தலையில் சுமந்தவன், இருபத்தெட்டு வயதுக்குள் சொந்தமாக நாலு கூடை பிச்சிப்பூவைத் தினமும் திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏற்றினேன். யாருடைய தயவும் இல்லாமல் முன்னுக்கு வந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வேன். முதல் கூடைக்கு முதல் போட்டது என் பெண்டாட்டி ராஜம்மையின் கழுத்துச் சங்கிலி என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.

ராஜம்மை அதை மறக்கவில்லை. மறு வருஷம் ஆவணியில் அவள் தம்பிக்குக் கல்யாணம். "சங்கிலி இல்லாம நான் அந்தப் பந்தலுக்கு வரமாட்டேன், பாத்துக்கிடுங்கோ. எனக்க அக்காமாரு நாலு பேரும் என் கழுத்தைத்தான் பாப்பாளுவ" என்று சொல்லிவிட்டாள். அந்தச் சங்கிலிக்காகத்தான் நாகர்கோவிலில் ஒரு பேங்கில் பணம் போட ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்திய கதை இது.

கணக்குத் திறந்த அன்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அதுவரை எல்லாவற்றுக்கும் பெருவிரல்தான். முந்தின வாரம்தான் எழுதிப் பழகியிருந்தேன். தலைக்கு மேலே மின்விசிறி, எதிரே கண்ணாடி போட்ட கிளார்க்கு, பின்னால் வரிசை. கை தந்தியடித்தது. அட்டையில் விழுந்த 'மு. தங்கப்பன்' மைக்கூட்டில் விழுந்த நண்டு ஏறி ஓடின மாதிரி இருந்தது.

அந்த அவமானத்தில் ஒரு வருஷம் பழகினேன். பூப்பொதியும் காகிதத்தில், வீட்டுச் சுவரில், பஸ் டிக்கெட்டின் முதுகில். கடைசியில் 'ன்'னிலிருந்து ஒரு வால் கிளம்பி, மேலே போய், வளைந்து, பேர் முழுவதற்கும் அடிக்கோடு போட்டுவிட்டு வந்து நிற்கும். கலெக்டருக்குக்கூட அப்படி ஒரு கையெழுத்து கிடையாது. (கலெக்டர் கையெழுத்தை நான் பார்த்ததில்லை. இருந்தாலும் கிடையாது.) ஆனால் அதைப் பேங்குக்குக் காட்ட வாய்ப்பே வரவில்லை. பணம் கட்டினேனே தவிர, எடுத்ததில்லை.

அப்போதுதான் அவர் வந்தார். சந்தை முடிந்து நான் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நேரம். வெள்ளை முழுக்கைச் சட்டை, கக்கத்தில் தோல் பை.

"தங்கப்பன் முதலாளி வீடு இதுதானே? பேங்கில இருந்து வருகேன். கணக்குப் பரிசோதனையாக்கும்."

முதலாளி! கஞ்சி அப்படியே நின்றது. நாற்காலி போட்டேன், இளநீர் வெட்டினேன், மட்டிப்பழம் ஒரு சீப்பு வைத்தேன். அவர் கேட்டது மூன்று: கணக்கு நம்பர், அப்பா பெயர், இருப்பு எவ்வளவு. நான் சொன்னது முப்பது. சங்கிலி விஷயம், கல்யாண விஷயம், ஆவணி வரைக்கும் பேங்குப் பக்கம் தலைவைக்கப் போவதில்லை என்ற விஷயம் எல்லாம் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் அக்கறையாக எழுதிக்கொண்டார். என் வாழ்க்கையை ஒருவர் உட்கார்ந்து எழுதியது அதுதான் முதல் தடவை.

வாசற்படியில் பூ கட்டிக்கொண்டிருந்த ராஜம்மை தலையைத் தூக்கினாள். "கேக்கேன்னு கோவிச்சுக்கிடாதீங்கோ. பேங்குக்காரருக்குப் பேங்கு நம்பரு தெரியாதா? நம்மகிட்ட வந்து கேக்காரு?"

"பெரிய பேங்கு அல்லவா அம்மா. ஆயிரம் பேருக்க நம்பரையும் மனசில வைக்க முடியுமா?"

"மனசுல எதுக்கு? ஒரு காயிதத்துல எழுதி எடுத்துட்டு வரலாம்லா?"

"ஏட்டி, ஆபீசர்கிட்ட என்ன பேச்சு பேசுக? பூவைக் கெட்டு!" என்று அதட்டினேன். இன்று நினைத்தால் காது கூசுகிறது.

அவர் இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாளை நீட்டினார். கையெழுத்து சரிபார்க்கவாம். சொந்த வீடு, சொந்த நாற்காலி. கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. போட்டேன். வால் லேசாகக் கோணியது போலப் பட்டது. "ஒண்ணு போதும் முதலாளி" என்றார். விடவில்லை நான். இன்னொரு தாள் கேட்டு வாங்கி, இன்னும் அழகாகப் போட்டுக் கொடுத்தேன். வட்டி பதிந்து நாளைக்கே தருவதாகப் பாஸ் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டார். மிச்சப் பழத்தை நானே பையில் வைத்து விட்டேன்.

மறுநாள் மத்தியானம் பேங்கு சேவகர் சைக்கிளில் வந்தார். "மானேஜர் உடனே வரச் சொன்னாரு."

"பாத்தியா? என்னமோ கேட்டியே. மானேஜரே கூப்பிடுகாரு!" என்று ராஜம்மையிடம் சொல்லிவிட்டு, மானேஜருக்குப் போடக் கனமாக ஒரு சம்பங்கி மாலை எடுத்துக்கொண்டேன். அவள் நான் கூப்பிடாமலே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

மானேஜர் மாலையைப் பார்க்கவே இல்லை. "உம்ம மருமகன்னு சொல்லி ஒருத்தன் பாஸ் புத்தகமும் பணம் எடுக்கிற சீட்டும் கொண்டுவந்தான். முழுப் பணத்துக்கும்."

எனக்கு அக்கா தங்கை கிடையாது. மகளுக்கு மூன்று வயது. ராஜம்மையின் கை அவள் வெறுங்கழுத்துக்குப் போனதைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் மட்டும் எனக்குப் பெருமை பேசத் தோன்றவில்லை.

மானேஜர் சீட்டைக் காட்டினார். "இது உம்ம கையெழுத்தா?"

பார்த்தேன். அந்த வால்! பெருமை பேசத் தோன்றிவிட்டது. "ஆமா சார், நான் போட்டதாக்கும். எப்படி இருக்கு?"

ராஜம்மை என் இடுப்பில் கிள்ளியது சட்டைக்கு மேலேயே சுரீரென்றது. மானேஜர் பழைய அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நண்டு.

"அப்போ இது?"

"அதும் நான்தான் சார்."

"ரெண்டும் நீருன்னா, எது வேய் நீரு?"

பணத்தைப் பிடித்து நிறுத்தினவர் அந்தக் கண்ணாடிக் கிளார்க்கு. "இவ்வளவு அழகா எழுதுகவரு இந்த அட்டையில இருக்க ஆளு இல்லன்னு தோணிச்சு. மானேஜரைக் கேக்கேன், இருன்னு சொன்னேன். அவன் பாஸ் புத்தகத்தையும் போட்டுட்டு ஓடிட்டான்" என்றார்.

"இப்போ நம்ம முன்னால ஒண்ணு போடும்" என்றார் மானேஜர். பேங்கில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். வாலோடு போடத்தான் பேனாவை எடுத்தேன். மின்விசிறி சுற்றியது, கை தந்தியடித்தது, நண்டு ஓடியது.

"இதாக்கும் ஆளு!" என்று கிளார்க்கு கத்தினார். சிரிப்பு கோட்டாறு கடைத்தெரு வரை கேட்டிருக்கும்.

மாலையைக் கிளார்க்கின் கழுத்தில் போட்டேன். "அவருக்கு மாலை, சரி. நேத்தே கேட்ட எனக்கு?" என்றாள் ராஜம்மை. அங்கேயே இன்னொரு நண்டு போட்டுப் பணம் எடுக்க வைத்து, கோட்டாற்றில் சங்கிலி வாங்கித்தான் வீடு திரும்பினாள். கல்யாணப் பந்தலில் நாலு அக்காமாருக்கும் சங்கிலியைக் காட்டினாள், கூடவே கதையையும் சொன்னாள். சங்கிலியைத் திரும்பிப் பார்த்தவர்களைவிட என்னைத் திரும்பிப் பார்த்தவர்களே அதிகம்.

அன்றிலிருந்து பாஸ் புத்தகம் அவள் பெட்டியில். இப்போது போனில் எவனாவது "பேங்கில இருந்து பேசுகோம், நம்பரைச் சொல்லுங்க" என்றால் நான் வாயைத் திறப்பதில்லை. போனை அவளிடம் நீட்டிவிடுவேன். "ஒனக்க பேங்கு நம்பரு ஒனக்குத் தெரியாதா மக்கா?" என்பாள். அந்தப் பக்கம் போனை வைத்துவிடுவான்.

நான்தான் மாட்டிக்கொண்டேன். பேங்கு அட்டையை மாற்றவே இல்லை. பிறகு நாலு கடை, ரெண்டு லாரி, மாடி வீடு என்று வந்தபோதும், அங்கே போனால் நண்டைத்தான் விட வேண்டும். நடுங்காத கையை வலுக்கட்டாயமாக நடுங்கவைத்து எத்தனை செக்கு! எதில் கையெழுத்துப் போடப் போனாலும் பேரப்பிள்ளைகள் கேட்பார்கள், "தாத்தா, வீட்டுக் கையெழுத்தா, பேங்குக் கையெழுத்தா?"

போன மாதம் பேங்குச் செக்கு ஒன்றில் போட்டேன். எண்பது தாண்டிய கை தானாகவே ஆடியது. நண்டு அச்சு அசலாக வந்து விழுந்தது. ராஜம்மை எட்டிப் பார்த்தாள்.

"இப்பத்தான் உங்களுக்கு ஒழுங்கா கையெழுத்து போட வந்திருக்கு" என்றாள்.