சூரியன் பார்க்காத பாதம்

சேசு மரி சூசை துணை

கொடைக்கானல்
20-4-2006

அன்பு மிகுந்த மாப்பிள்ளை ஜேசன் அவர்களுக்கு, மாமா பரமானந்தம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் ஸ்வெட்டருக்குள் சுகம். அங்கே மதுரை வெயிலுக்குள் நீங்களும் மகள் ஃபெமினாவும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன்.

நிற்க. என் உள்ளங்காலில் இருக்கும் கரும்புள்ளியை உடனே டாக்டரிடம் காட்டச் சொல்லி எழுதியிருந்தீர்கள். தோல் புற்றுநோயைப் பற்றி எனக்கேவா? பள்ளிக்கூட லேபில் முப்பது வருஷம் குப்பி கழுவினவன் நான். பேப்பரில் முழுப்பக்கம் போட்டிருந்தான், வரி விடாமல் படித்தேன். உலகம் பூரா இந்த நோய் கூடிக்கிட்டே போகுதாம், இனிமேலும் கூடுமாம். ஆனா யாருக்கு? ஆஸ்திரேலியாவில சட்டையைக் கழட்டிப் போட்டு வெயில்ல கெடக்குற வெள்ளைக்காரனுக்கு! மலையில குளிர் அடிச்சாலும் வெயில் கடுமைதான்னு தெருவில எல்லாரையும் தொப்பி போடச் சொல்லிட்டேன். வெயில் காய்ஞ்சுக்கிட்டிருந்த பக்கத்து வீட்டு மூக்கம்மாவை வெரசா உள்ளே போகச் சொன்னா, "அப்ப அடுப்புக்குள்ள போயி ஒக்காரவாங்க?"ன்னு கேக்குது.

எல்லாம் பெரிய வியாழக்கிழமை வந்த வினை. கோயில்ல பாதம் கழுவுற சடங்குக்குப் பன்னிரண்டு சீடர்ல ஒருத்தனா என்னை உக்கார வச்சாங்க. மத்தவங்க வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்திருக்காங்க. ஃபாதர் கழுவத்தானே போறார், இந்தக் குளிர்ல நாம வேற எதுக்குன்னு நான் சாக்ஸோட போயிட்டேன். படுக்கையிலகூட சாக்ஸைக் கழட்டாத ஆளு நான். ஃபாதர் தண்ணி ஊத்தி உள்ளங்காலைத் திருப்பினா, மொச்சைக்கொட்டை அளவு கருப்பு. அழுக்குன்னு நினைச்சுத் தேய் தேய்னு தேய்க்கிறார், போவேனாங்குது. பாட்டு முடிஞ்சு பாடகர் குழு மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்குது, அடுத்த சீடர் காலைத் தூக்கிக்கிட்டே உக்காந்திருக்கார். மானம் போச்சேன்னு உங்க அத்தை போனைப் போட்டு உங்ககிட்ட ஒப்பாரி வச்சிட்டா.

சூரியன் என் மூஞ்சியைப் பார்த்திருக்கு, வழுக்கையைப் பார்த்திருக்கு. உள்ளங்காலைப் பார்த்ததே இல்லை. பிறகெப்படி அங்கே வரும்? அது கால் ஆணி. டாக்டர்கிட்ட போற சோலியே இல்லை. நீங்கள் தைரியமாயிருங்கள். உங்கள் இருவருக்கும் என் ஆசீர்.

இப்படிக்கு,
பூரண சுகத்துடன்,
அ. பரமானந்தம்

பி.கு.: இதை ஒட்டுறதுக்குள்ள உங்க அத்தை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிட்டா. டாக்டரம்மாகிட்ட சூரியன் விஷயத்தை விளக்கமாச் சொன்னேன். பொறுமையாக் கேட்டாங்க. நம்ம மாதிரி கருத்த தோலுக்கு, இந்தக் கருப்பா வர்ற புற்றுநோய் வகை வந்தா, பெரும்பாலும் உள்ளங்கால் மாதிரி வெயில் படாத இடத்துலதான் வருமாம். பேப்பர்காரன் அதைப் போடலை. மதுரையில சதை எடுத்துச் சோதிக்கணுமாம். திங்கட்கிழமை வெள்ளனே பஸ் ஏறுறோம், ஸ்டாண்டுக்கு வந்துருங்க. பயமாத்தான் இருக்கு மாப்பிள்ளை. என்னைப் பார்த்ததும், "அது ஆணிதான் மாமா"ன்னு ஒரு தடவை சொல்லுங்க. காலை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வர்றேன்.