நீலக் கதவுக்கு ஒரு தோள்பட்டி

சிறுவணிகர் பெருமக்களின் வாழ்வை எளிதாக்க எங்கள் நாட்டில் தபால் சேவைகள் பல உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது மட்டுமே சிக்கல்.

தலைநகர் அம்மானில் பல்கலைக்கழகம் போக மிஞ்சும் நேரத்தில் நான் இணையத்தில் பட்டமளிப்புத் தோள்பட்டிகள் விற்கிறேன். பெயரைத் தங்க நூலில் தைத்துத் தருவேன். கராக் ஊரிலிருக்கும் வாடிக்கையாளர் தமாதுருக்கு வியாழக்கிழமை பட்டமளிப்பு. அதற்குள் பட்டி அவள் கைக்குப் போயாக வேண்டும். மேடை ஏறுவது ஒரே தடவைதானே.

திங்களன்று சனோபர் அஞ்சலகம் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் எழுத்தர் அபூ ஹைதம், அவருக்கு முன்னால் ஏலக்காய்க் காப்பி.

"முகவரி?"

"கராக். பழைய ரொட்டிக்கடைக்கு எதிரே நீலக் கதவு."

"இது முகவரி இல்ல மகளே, வழி. வீட்டு எண் வேணும்."

"உங்க வீட்டு எண் என்ன?"

யோசித்தார். "மருந்துக்கடைக்குப் பின்னாடி வந்து யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க."

"அப்ப அது மட்டும் முகவரியா?"

"நான் எனக்குப் பார்சல் அனுப்பலையே!"

பிறகு மனமிரங்கி ஒரு சலுகை வழங்கினார். அந்த நீலக் கதவுக்கு ஏற்கெனவே தபாலில் போய்ச் சேர்ந்த கடிதம் ஒன்றைச் சான்றாகக் காட்டினால் போதுமாம்.

"முகவரியே செல்லாதுன்னா கடிதம் எப்படிப் போயிருக்கும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

செவ்வாயன்று வமீத் விரைவு நிறுவனம். இது புது மோஸ்தர். இங்கே பார்சல் என்று சொல்லக்கூடாது, 'பயண அனுபவம்'. வீட்டு எண்ணும் வேண்டாம், செயலியில் உள்ள வரைபடமே இடத்தைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்தது. சாக்கடலுக்கு நடுவில்.

"கொஞ்சம் நகர்த்துங்களேன்" என்றேன் அங்கிருந்த பையனிடம்.

"வரைபடத்துல நாங்க தலையிடுறதில்ல அக்கா. அவங்களைக் கரைக்கு வந்து வாங்கிக்கச் சொல்லுங்க. எங்க சேவைக்கு எத்தனை நட்சத்திரம் போடுறீங்க?"

"பார்சல் இன்னும் என் கையிலதான்யா இருக்கு!"

"அப்ப அஞ்சு போடுங்க. இன்னும் எதுவும் தொலையலையே."

புதன்கிழமை தெற்குப் பேருந்து நிலையம். ஊரே பொட்டலங்களை ஓட்டுநர் கையில்தான் கொடுத்தனுப்பும்.

"இப்ப பொட்டலம் வாங்கக் கூடாதுன்னு உத்தரவு" என்றார் ஓட்டுநர். "ஆள் ஏறி மடியில வெச்சுக்கிட்டா தடை இல்ல."

ஏறினேன். முன் இருக்கையில் அபூ ஹைதம். மடியில் ஒரு பெட்டி.

"மகளுக்கு மூக்குக்கண்ணாடி" என்றார். "கராக்ல படிக்கிறா."

"உங்க அஞ்சலகத்துலயே அனுப்பியிருக்கலாமே?"

"என்ன மகளே நீ, இது அவசரம்!"

கராக்கில் இறங்கி முதலில் எதிர்ப்பட்டவரைக் கேட்டேன். மோவாயாலேயே நீலக் கதவைக் காட்டினார். தமாதுரிடம் பட்டியைக் கொடுத்துவிட்டு, நாட்டின் தபால் நிலையைப் பற்றிச் சுருக்கமாக எடுத்துரைத்தேன்.

வியாழன் மாலை என் விற்பனைப் பக்கத்தில் அவளுடைய மதிப்புரை வந்திருந்தது:

"பட்டி பிரமாதம், நேரத்துக்கு வந்தது. கொண்டுவந்த பெண்தான் வாசலில் நின்று அரை மணி நேரம் தபாலைப் பற்றிப் புலம்பினாள். மூன்று நட்சத்திரம். அடுத்த முறை ஒழுங்காகச் சனோபரிலோ வமீதிலோ அனுப்பவும்."