ஏழாவது மாடிக்கு ஒரு கல்யாணப் பரிசு

உயிரே போனாலும் தன் சனிக்கிழமையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அதீப் முடிவு செய்தது, ஒரு திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது. வாயில் வைத்த ரொட்டி அப்படியே நின்றுவிட்டது.

காரணம், மனைவி நுஹாத் கைபேசியில் படித்துக்கொண்டிருந்த பரிசுப் பட்டியல்.

நுஹாத்தின் தங்கை மகள் ரூலாவுக்குக் கல்யாணம். பத்ரூன் ஊரில் கல்யாணமாகும் மற்ற பெண்கள் கடையில் தட்டு, கண்ணாடிக் கோப்பை, வெள்ளிக் கரண்டி என்று எழுதிவைப்பார்கள். உறவுக்காரர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள். ரூலா அப்படி இல்லை. "தட்டெல்லாம் அம்மாவிடமே இருக்கிறது. இந்த ஊரில் உயிர் வாழ என்ன வேண்டுமோ அதைக் கொடுங்கள்" என்று எழுதியிருந்தாள்.

"ஆறு மாசத்துக்குத் தெரு ஜெனரேட்டர் சந்தா," நுஹாத் படித்தாள். "கோடைக்குத் தண்ணி லாரி. ஒரு தேன்கூட்டுப் பெட்டி. பொண்ணு மூளைய பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன்."

"இதக் கேளு. 'ஒரு வருஷம், சனிக்கிழமைதோறும், கேஸ் சிலிண்டரையும் தண்ணி கேனையும் ஏழாவது மாடிக்குத் தூக்கிக் குடுக்க ஒரு ஆள். பலசாலி மாமா, பெரியப்பாக்களுக்கு முன்னுரிமை.'"

அதீப்புக்கு முதுகுத்தண்டில் எறும்பு ஊர்ந்தது. அந்தக் கட்டடத்தை அவருக்குத் தெரியும். ரூலா குடிபோகும் வீட்டைப் பார்க்கப் போன அன்று மின்சாரம் போய், நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே லிஃப்டுக்குள் தொங்கியவர் அவர். இருட்டில் மாதாவைக் கூப்பிட்டார், வந்தது காவலாளி. அதற்குப் பிறகு அலமாரிக் கதவைக்கூட அவர் முழுதாகச் சாத்துவதில்லை. படியோ இன்னும் மோசம். ஜன்னலே கிடையாது. கிணற்றை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும்.

சனிக்கிழமை என்பதோ கடலோரப் பாறை, தூண்டில், அவர். மீன் கிடைக்காது. ஆனால் ஆறு நாள் பேச்சுக்கு மருந்தாக, அங்கே ஒருத்தரும் பேச மாட்டார்கள்.

நுஹாத் பட்டியலைக் கடைசிவரை நகர்த்தினாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். புன்னகைத்தாள்.

"இது நல்லா இருக்கே."

"எது?"

"சும்மா."

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்த 'சும்மா'வைப் போல அவரைக் கலக்கிய சொல் வேறில்லை. முன்பொருமுறை அவள் சும்மா என்று சொன்ன மறுவாரம்தான் அவர் மீசையை இழந்தார்.

அதீப் தன் கைபேசியோடு குளியலறைக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை, குழாயை மட்டும் திறந்துவிட்டார். பட்டியலில் யாராவது ஒன்றைப் பிடித்துவிட்டால் அந்த வரி பச்சையாகிவிடும், அடுத்தவர் தொட முடியாது. யாருடைய பெயரைப் போடலாம்? நுஹாத்தின் தம்பி தவ்ஃபிக்! முதுகில் பெல்ட் கட்டிக்கொண்டு நாற்காலியைவிட்டு எழாத மனிதன். பலசாலி மாமா தவ்ஃபிக், ஏழாவது மாடி, வாழ்த்துகள் என்று எழுதினார். கீழே தொலைபேசி எண் கேட்டது. தவ்ஃபிக் எண் மனப்பாடமில்லை. வெளியே செருப்புச் சத்தம். அவசரத்தில், மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணைத் தட்டினார். அது அவருடைய வீட்டு எண்.

வரி பச்சையானது. அதீப் முகமும்.

மறுநாள் அவர் கடையிலிருந்து திரும்பியபோது மேசைமேல் காப்பி ஆறாமல் இருந்தது. சர்க்கரை போட்ட காப்பி. டாக்டர் பேரைச் சொல்லி நுஹாத் நிறுத்திவைத்திருந்த சர்க்கரை.

"வாங்க, அபு நஸ்ரி. உக்காருங்க."

மகன் பெயரைச் சொல்லி 'நஸ்ரியின் அப்பா' என்று அவள் கூப்பிடுவது விருந்தாளி இருக்கும்போது, இல்லாவிட்டால் ஆபத்து இருக்கும்போது. விருந்தாளி யாரும் தென்படவில்லை.

"ரூலா போன் பண்ணினா. அழறா. சந்தோஷத்துல."

"ஏ... ஏனாம்?"

"நம்ம தவ்ஃபிக், அந்த ஏழாவது மாடிய எடுத்திருக்கானாம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கா? மாதா சத்தியமா தெரியாது!" சுவரிலிருந்த மாதா படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"பாவம், முதுகு சரியில்லாதவன். ரத்து பண்ணிடச் சொல்லட்டுமா?"

ரத்தானால் வரி மறுபடி வெள்ளையாகும். வெள்ளையானால்? அதீப் மேசையைத் தட்டினார்.

"ரத்தா? குடுத்த வாக்கு, நுஹாத்! நாளைக்குச் சம்பந்தி வீட்டுல என்ன பேசுவாங்க? குடும்பத்துக்குன்னு ஒரு மானம் இல்லையா?"

"அவனால தூக்க முடியலேன்னா?"

"முடியலேன்னா தன் இடத்துல ஒரு ஆளை வெச்சாவது செய்யணும்!"

"நீங்க சொன்னா சரி." நுஹாத் காப்பியை அவர் பக்கம் நகர்த்தினாள். "வெச்சுட்டான்."

"யாரை?"

"மச்சான்னு ஒருத்தர் எதுக்கு இருக்காரு?"

அதீப் காப்பியைக் குடிக்காமலே திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார்.

"தவ்ஃபிக்குக்குப் போட வேண்டிய போன் நம்ம வீட்டுக்கு வந்தப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு," என்றாள் அவள், மரியாதையை இறக்கிவைத்துவிட்டு. "இருந்தாலும் நீ வாயத் திறந்து சொல்லிட்டா எல்லாத்தையும் பழையபடி மாத்திடலாம்னு பாத்தேன். நீ மாதாவையே இழுத்துட்ட."

"நுஹாத், அந்தப் படி... இருட்டு... என் நெஞ்சு..."

"அந்தப் படிக்கு உன்ன யாரு அனுப்பறதா இருந்தா? அன்னிக்கி நான் பாத்தது கடைசி வரி. நீதான் அதுக்குள்ள தண்ணியத் திறந்துவிட்டுட்டு உக்காந்துட்டியே."

கைபேசியை நீட்டினாள். அதீப் படித்தார். 'மாப்பிள்ளைக்கு மீன் பிடிக்கக் கற்றுத்தர ஒருவர். சனிக்கிழமைதோறும் கடலோரத்தில். அதிகம் பேசாதவராக இருந்தால் நல்லது.' அதுவும் பச்சையாக இருந்தது.

"அன்னிக்கி ராத்திரியே உன் பேருல எடுத்துட்டேன். சொல்லாம வெச்சிருந்து ஆச்சரியப்படுத்தலாம்னு நெனச்சேன்."

அதீப்புக்கு நெஞ்சில் ஒரு விளக்கு எரிந்தது. "அப்ப என் பேருதானே இருக்கு? நான் அதையே..."

"எப்படி? அதே சனிக்கிழமை நீ சிலிண்டர் தூக்கணுமே. குடுத்த வாக்கு, குடும்ப மானம். அதனால உன் இடத்துல ஒரு ஆளை வெச்சுட்டேன். தவ்ஃபிக்குக்குக் கடல் காத்து முதுகுக்கு நல்லதாம்."

அதீப் மெல்லத் திரும்பி மாதாவைப் பார்த்தார். மாதா அவரைப் பார்க்கிற மாதிரி தெரியவில்லை. கடைசியில், மூழ்குகிறவன் குரலில் கேட்டார்:

"தவ்ஃபிக்கிட்டத் தூண்டிலே கிடையாதே?"

"காலையிலேயே வந்து உன்னோடத எடுத்துட்டுப் போயிட்டான்," என்றாள் நுஹாத். "முதுகு பெல்ட்ட உனக்குன்னு விட்டுட்டுப் போயிருக்கான்."