ஒரே பொருளா, ஒத்த பொருளா?

திருச்சபையின் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றைத் தீர்மானித்த இடங்கள் இரண்டு. முதலாவது நீசேயா. இரண்டாவது, மன்னாரிலிருந்து தலைமன்னார் போகும் பஸ்ஸில் ஏறி 'கோயிலடி' என்று சொன்னால் இறக்கிவிடும் எங்கள் ஊர். முதலாவதைப் பற்றி ஏராளமானோர் எழுதிவிட்டார்கள். இரண்டாவதைப் பற்றி எழுதும் பாக்கியம், எங்கள் பங்கின் 'வேதாகம மற்றும் ஆதித் திருச்சபை வரலாற்று ஆய்வு வட்ட'த்தின் செயலாளர் பஸ்ரியனாகிய எனக்கு வாய்த்திருக்கிறது.

வட்டத்தின் தலைவர் யாகப்பர் மாஸ்ரர், இளைப்பாறிய அதிபர். முப்பது வருடம் பிள்ளைகளைப் பேசாமல் இருக்கச் சொன்னவர், இளைப்பாறிய அன்று தாமே பேசத் தொடங்கினார். இன்னும் நிறுத்தவில்லை.

நீசேயாவில் ஆயர்களின் பொதுச்சங்கம் கூடி ஆயிரத்து எழுநூறு ஆண்டு நிறைவதை முன்னிட்டு, விசுவாசப்பிரமாணத்தில் ஒரேயொரு சொல்லை ஏழு கிழமையாக வாராவாரம் கூடி ஆராய்ந்தோம். மகனாகிய இயேசு தந்தையாகிய கடவுளோடு 'ஒரே பொருள்' ஆனவரா, 'ஒத்த பொருள்' ஆனவரா? கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அந்த எழுத்துக்காக அந்தக் காலத்தில் ஆயர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். எங்கள் வட்டத்திலும் இருவர் தேத்தண்ணி குடிக்காமல் எழுந்து போனார்கள்.

இடையில் வெள்ளம் வந்தது. ஆய்வு ஒரு கிழமை தடைப்பட்டதைத் தவிர வட்டத்துக்குச் சேதமில்லை. ஊரில் சில கூரைகள் போயின.

வெளிநாட்டிலுள்ள எங்கள் ஊரவர்கள் கூரை போன வீடுகளுக்கு மேல் விரிக்க நாற்பது தறப்பாள் அனுப்பினார்கள். பங்குச் சுவாமி ஒரு மாதத் தியானத்துக்குப் போய், ஞாயிறு பூசைக்கு மட்டும் வேறு சுவாமி வந்துபோனபடியால் பொறுப்பு வட்டத்தின் தலையில் விழுந்தது. விழுந்த அன்றே பிரான்சிஸ்கா வந்து நின்றாள். கடற்கரையில் கருவாடு காயவைக்கிறவள், புருசன் இல்லை.

"மாஸ்ரர், ஒரு தறப்பாள் தாங்கோ. மகள் டினோஜாவுக்குப் பிள்ளை பிறந்து பன்ரண்டு நாள். வீட்டுக்குள்ள குடை பிடிச்சுக்கொண்டெல்லோ பால் குடுக்கிறாள்."

மாஸ்ரர் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைத் திறந்தார்.

"பிரான்சிஸ்கா, ஆதித் திருச்சபையில கைம்பெண்களுக்குப் பந்தியில குறை வந்த நேரம் அப்போஸ்தலர் என்ன செய்தவை?"

"குடுத்தவையோ?"

"இல்லை. ஞானம் நிறைஞ்ச ஏழு பேரைத் தெரிஞ்செடுத்தவை."

"பிறகு குடுத்தவை தானே?"

"அது பிறகு."

ஏழு பேரைத் தெரிந்தெடுப்பதில் ஒரு சிக்கல் எழுந்தது. எங்கள் வட்டத்தில் ஞானம் நிறைந்தவர்கள் பதினொரு பேர். நால்வரை ஞானமில்லாதவர் என்று அறிவிக்க எவருக்கும் துணிவு வரவில்லை. ஆகவே ஆறாம் அதிகாரத்தை அடுத்த வருடம் வரும் தவக்காலத்தில் விரிவாகப் படிப்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்து, தறப்பாள்களைக் கோயிலில் பூசை உடுப்புகள் வைக்கும் சக்கிறீஸ்து அறையில் வைத்துப் பூட்டினோம். பிரான்சிஸ்கா தினமும் வந்தாள். தினமும் அவளுக்கு அதே அதிகாரம் வாசிக்கப்பட்டது. வேதாகமம் இவ்வளவு கிரமமாக வாசிக்கப்பட்ட குடும்பம் எங்கள் பங்கில் வேறில்லை.

தறப்பாள் பூட்டிய மூன்றாம் கிழமை, ஆய்வின் நிறைவாகப் பொதுக்கூட்டம் ஒன்று வைத்தோம். அறிவித்தலை என் கைப்பட எழுதினேன்.

'பொருள் பற்றிய மாபெரும் கூட்டம்! ஒரே பொருளா? ஒத்த பொருளா? ஞாயிறு பூசை முடிய, கோயில் முற்றத்தில். சமய வேறுபாடின்றி அனைவரும் வருக.'

கோயில் வாசல், மீன் சந்தை, மன்னார் பஸ் நிலையம் மூன்றிலும் ஒட்டினேன். பஸ் நிலையத்தில் ஒட்டியதைக் கழுதை தின்றுவிட்டது. ஆனால் அதற்குமுன் வாசிக்க வேண்டியவர்கள் வாசித்துவிட்டார்கள். வெள்ளத்துக்குப் பிந்திய மன்னாரில் 'பொருள்' என்றால் அரிசி, பருப்பு, பாய், தறப்பாள் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. ஆய்வு வட்டத்துக்குத் தெரியவில்லை.

நீசேயாவில் கூடியவர்கள் முந்நூற்றுப் பதினெட்டு ஆயர்கள் என்பது மரபு. எங்கள் முற்றத்தில் அதைவிடக் கூட. ஆயர்கள் கைத்தடியோடு போனார்கள். எங்கள் சனம் குடும்ப அட்டையோடும் உரப்பையோடும் வந்தது. மாஸ்ரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பஸ்ரியன், சனத்துக்குச் சத்தியத்தில எவ்வளவு பசி, பாத்தியே!"

"ஓம் மாஸ்ரர். பையும் கொண்டு வந்திருக்கினம்."

"குறிப்பெடுக்கிற கொப்பி வைக்கவாக்கும்."

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சத்தியத்தைக் கேட்பவர்கள் நனையக்கூடாது என்று மாஸ்ரர் சக்கிறீஸ்துவைத் திறப்பித்து, நாற்பது தறப்பாளையும் முற்றத்துக்கு மேலே கட்டுவித்தார். சனம் ஓடி ஓடிக் கட்டியது. திருச்சபைப் பணியில் இத்தனை உற்சாகத்தை நான் கண்டதேயில்லை.

மாஸ்ரர் ஒலிவாங்கியைப் பிடித்து முழங்கினார்.

"தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பொருள்!"

மரக்கறி வியாபாரி முபீன் எழுந்து நின்றார்.

"மாஸ்டர், அது என்ன நியாயம்? எங்கட வாப்பா வேற கார்ட், நான் வேற கார்ட். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பொருள் எண்டா எப்படி?"

"இதைத்தான் அந்தக் காலத்தில ஆரியுஸும் மறுத்தவர்!" என்று மாஸ்ரர் துள்ளினார்.

வெள்ளாங்குளத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்த கனகம்மாவுக்கு முகம் மலர்ந்தது.

"ஆரியுஸ் எண்டவர் எந்தக் கந்தோரில ஐயா?"

"அலெக்சாந்திரியா, அம்மா."

"எங்கட பக்கம் கதைக்கிறார் போல கிடக்கு. அவரை ஒருக்காக் கூப்பிடுங்கோவன்."

"அவரை நாடு கடத்திப்போட்டினம்."

"நல்ல உத்தியோகத்தரை ஒரு இடத்தில இருக்க விடமாட்டாங்கள்," என்று கனகம்மா பெருமூச்சு விட்டார்.

அப்போது முன்வரிசையில் பிரான்சிஸ்கா எழுந்தாள்.

"மாஸ்ரர், ஒத்த பொருள் எண்டா என்ன?"

"ஒண்டைப் போல இன்னொண்டு. ஒண்டுபோல இருக்கும், ஆனா வேற வேற."

"அப்ப ஆளுக்கொண்டு வரும்தானே? எனக்கு ஒத்த பொருள்!"

"எனக்கும்!" என்றார் முபீன். "எங்கட வீட்டுக்கு ரெண்டு!" என்றது ஒரு குரல். கைகள் மளமளவென்று உயர்ந்தன. பாடகர் குழுவும் கை உயர்த்தியது. நீசேயாவில் ஆயர்கள் இரண்டு மாதம் பாடுபட்டு நிலைநாட்டிய சத்தியம், எங்கள் முற்றத்தில் இரண்டு நிமிடத்தில் தோற்கடிக்கப்பட்டது.

"இது தப்பறை! திருச்சபைக்கு விரோதமான போதனை!" என்று மாஸ்ரர் அலறினார். "கூட்டம் முடிஞ்சுது! தறப்பாளை அவிழுங்கோ! மடிச்சு உள்ள வச்சுப் பூட்டவேணும்!"

மழை அந்த நேரம் பார்த்துத் தூறத் தொடங்கியது. பிரான்சிஸ்கா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"மாஸ்ரர் சொல்லிப்போட்டார். அவிழுங்கோ!"

மாஸ்ரரின் சொல்லுக்கு எங்கள் ஊரில் அவ்வளவு மரியாதை. அவிழ்க்கச் சொன்னதை ஒருவரும் தட்டவில்லை. மடிக்கச் சொன்னதையும் தட்டவில்லை. பூட்டச் சொன்னதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. முபீன் ஒன்றைத் தோளில் போட்டார். கனகம்மா ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். கைக்கு எட்டாத முடிச்சுகளைப் பாடகர் குழு அவிழ்த்துக் கொடுத்தது.

மாஸ்ரர் பிரான்சிஸ்காவை மறித்தார். "பிள்ளை, இது களவெல்லோ? உனக்கு வெக்கமில்லையோ?"

"வெக்கம் இல்லை மாஸ்ரர். கோவம்தான் இருக்கு. மூண்டு கிழமையா என்ர பேரன் நனையிறான். உங்களுக்கு ஏழு பேர் வேணும். அவனுக்கு ஒரு கூரைதான் வேணும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முற்றத்தில் நாங்கள் இருவரும் நனைந்துகொண்டு நின்றோம். விசுவாசப்பிரமாணத்தைச் சொல்லி முடித்தோம், 'ஒரே பொருளானவர்' என்ற இடத்தில் குரலை உயர்த்தி.

மறுநாள் தும்மிக்கொண்டு பொலிசுக்குப் போனோம். முறைப்பாட்டை எடுத்தவர் சார்ஜன்ற் நவரத்தினம்.

"களவு போனது என்ன?"

"பொருள்."

"என்ன பொருள்?"

மாஸ்ரர் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்துவிட்டு, "தறப்பாள்" என்றேன்.

"ஆருடைய தறப்பாள்?"

பொருளைப் பற்றி ஏழு கிழமை ஆராய்ந்த எங்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருந்தது.

"கூரை போன சனத்துக்கெண்டு வந்தது," என்றார் மாஸ்ரர் கடைசியில்.

"எடுத்தது ஆர்?"

"கூரை போன சனம்."

சார்ஜன்றின் பேனை நின்றது. "அதுவரைக்கும் ஆர் பூட்டி வச்சிருந்தது?"

"நாங்கள்!" என்றோம், ஒரே குரலில், பெருமையாக.

"எவ்வளவு நாள்?"

"மூண்டு கிழமை."

"மூண்டு கிழமையும் மழையெல்லோ?"

"ஓம்."

அவர் எங்கள் பெயர், விலாசம் கேட்டார். பிழை வந்துவிடக்கூடாதென்று நான் ஞானஸ்நானப் பெயரோடு சேர்த்து எழுத்தெழுத்தாகச் சொன்னேன். எழுதி முடித்து, கையொப்பமிடும்படி புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பினார். ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. இரண்டு பெயரையும் 'சந்தேகநபர்' என்ற இடத்தில் எழுதியிருந்தார்.