மூக்கின் வழியே முந்நூற்று முப்பத்தொன்று

மருந்துப் பையும் கையுமாக ஊர் ஊராகச் சுற்றும் மாப்பிள்ளைக்கு அத்தான் எழுதுவது.

இங்கே இரண்டு பேரும் நலம். இருவரில் ஒருவர் எவ்வளவு நலம் என்பதுதான் இந்தக் கடிதத்தின் பொருள். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். மறுப்பு ஏதாவது இருந்தால் எழுதவும்.

முதலில் உறுதியான செய்தி. என் இரத்தத்தில் பி12 வைட்டமின் அளவு முந்நூற்று முப்பத்தொன்று. ஆதாரம்: ஆய்வுக்கூடத்துப் பெண், இன்று காலை, தொலைபேசியில். ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டேன். "சார், மூணு, மூணு, ஒண்ணு. இன்னொரு தடவை சொல்லட்டுமா?" என்றாள், கொஞ்சம் சலிப்போடு. பிறகு டாக்டரையும் கூப்பிட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஒரே ஆள் சொன்னதை நம்பி நான் எதையும் அச்சுக்கு அனுப்பியவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆக, நீ அனுப்பிய மூக்கு மருந்து வேலை செய்திருக்கிறது. ஸ்கூட்டர் சாவி மட்டும் இன்னும் உன் அக்காவின் கையில்தான் இருக்கிறது. அதை மீட்டுத் தரச் சொல்லித்தான் இந்தக் கடிதம். கையெழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். மல்லாந்து படுத்துக்கொண்டு எழுதுகிறேன். காரணம் கீழே வருகிறது.

சாவி பறிபோன கதையை உன் அக்கா உனக்கு ஒரு விதமாகச் சொல்லியிருப்பாள். நடந்தது இதுதான். நூலகத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன், பின்னால் ஒரு பழக்கடைக்காரர் "ஐயா, ஐயா" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார், யாரோ பழைய வாசகர், என் கட்டுரையைப் பாராட்டத்தான் இப்படி மூச்சிரைக்க வருகிறார் என்று அடக்கமாகக் கையை அசைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் கையில் இருந்தது என் வலது செருப்பு. அது கழன்று விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை. நம் வீட்டருகே வந்ததும் கால் பிரேக்கை மிதித்தேன், அதாவது மிதித்ததாக நினைத்தேன், என் கால் இருந்தது பக்கத்திலிருந்த வெறும் தகட்டின் மேல், அதை நான் உயிரைக் கொடுத்து மிதித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி சாவகாசமாகப் போய் எதிர்வீட்டுத் தையல்காரர் கோட்டு மாட்டி நிறுத்தியிருந்த பொம்மையின் மேல் மோதியது. பொம்மைக்கு ஏற்கெனவே தலை கிடையாது என்பதால் சேதம் குறைவு. தையல்காரர் வெளியே வந்து முதலில் பொம்மையைத் தூக்கி நிறுத்தினார், பிறகு கோட்டைத் தட்டினார், அதற்கப்புறம்தான், "சார், அடி கிடி ஏதாவது பட்டுச்சா?" என்றார். உன் அக்கா வாசலில் நின்று என் காலைப் பார்த்தாள். "இன்னொரு செருப்பு எங்கே?" என்றாள். நானே குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவள் கையை நீட்டினாள். சாவி போய்விட்டது.

டாக்டர் இரண்டு கால் வைத்த இரும்புக் கவை ஒன்றைத் தட்டி, அது ரீங்கரித்துக்கொண்டிருக்கும்போதே என் கால் கட்டைவிரலில் வைத்தார். "அதிருதா?" என்றார். இல்லை என்றேன். "இப்போ?" என்றார். "வச்சிட்டீங்களா?" என்று கேட்டேன். உடனே இரத்தம் எடுக்கச் சொன்னார். அளவு நூற்று நாற்பத்திரண்டு. பி12 குறைந்தால் நரம்பு இப்படித்தான் மரத்துப்போகுமாம், ஊசிதான் நேர்வழியாம். அந்த நேர்வழியில் நான் ஓர் அடிகூட வைக்க முடியாமல் போனதை நீ கேள்விப்பட்டிருப்பாய். நர்ஸ் என் கையைப் பிடித்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவு வரும்போது நான் தரையில் கிடக்கிறேன், எடை பார்க்கும் கருவி என் மேல் கிடக்கிறது, நர்ஸ் அழாத குறையாக டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "நான் ஊசியே எடுக்கலை சார், பஞ்சைத்தான் வச்சேன்." போர்முனைக்குப் போய்ச் செய்தி அனுப்பியவனுக்குப் பஞ்சுக்கு மயக்கம் வந்தது என்று உன் அக்கா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் உன் பார்சல் வந்தது. ஊசியே இல்லாமல் உடம்புக்குள் மருந்தைச் சேர்க்க மூன்று வழி. நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை, தோலில் ஒட்டும் பட்டை, மூக்கில் அடிக்கும் மருந்து. டாக்டர் மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. ஒவ்வொண்ணா பார்ப்போம். நம்பர் ஏறலைன்னா ஊசிதான், ஒத்துக்கறீங்களா?" என்றார். ஒத்துக்கொண்டேன். உன் அக்கா அங்கேயே, அவர் முன்னாலேயே, "முந்நூறைத் தாண்டட்டும், அன்னிக்கே சாவியைக் குடுத்துடறேன்" என்றாள். டாக்டர் சாட்சி.

முதலில் நாக்குக்கடி மாத்திரை. கரையும்வரை வாயைத் திறக்கக்கூடாது. உன் அக்கா அந்த மாத்திரையை மிகவும் விரும்பினாள், ஒரு நாளைக்கு நாலு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஒரு நாள் மாத்திரை வாயில் இருக்கும்போது என் பழைய பத்திரிகையிலிருந்து போன். என்னோடு வேலை பார்த்த அந்த மனிதர், உனக்குத் தெரியும், என் செய்திகளையெல்லாம் பாதியாக வெட்டியே ஓய்வு பெற்றவர், 'கத்தரிக்கோல்' என்று நாங்கள் கூப்பிடுவோமே, அவர் காலமாகிவிட்டாராம், நான் இரண்டு வரி சொல்ல வேண்டுமாம். நான் "ம்ம்" என்றேன். "ரொம்ப நெருக்கமோ சார்?" என்றான் பையன். இல்லவே இல்லை என்று சொல்லும் தொனியில் "ம்ம்ம்" என்றேன். மறுநாள் அச்சாகி வந்தது: 'துயரம் தொண்டையை அடைக்க, மூத்த செய்தியாளரால் பேசவே இயலவில்லை.' அதைப் பார்த்துவிட்டு அவருடைய தம்பி போன் செய்து அழுதார். துக்கம் விசாரிக்கப் போகாமல் இருக்க முடியுமா?

போனேன், அதற்குள் பட்டைக்கு மாறியிருந்தேன், கழுத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தது, நல்ல வெயில், வியர்வை வேறு. அந்தத் தம்பி என்னைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொண்டு, என் கழுத்தில் முகத்தைப் புதைத்து வெகுநேரம் விம்மினார். நிமிர்ந்தபோது பட்டை அவர் கன்னத்தில் இருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அவர் கன்னத்தைப் பார்த்தார்கள், மரியாதை கருதி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த இடத்தில் போய், அது என்னுடையது, கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? ஆக அன்றைய வைட்டமின் அந்தக் குடும்பத்துக்குப் போயிற்று. அடுத்த பரிசோதனையில் எனக்கு நூற்று ஐம்பத்தாறு. அவருக்கு எவ்வளவு என்று தெரியவில்லை.

கடைசியில் மூக்கு. இதில் நீ ஒரு விவரத்தை எனக்குச் சொல்லாமல் விட்டாய் மாப்பிள்ளை: இந்த மருந்து சிவப்பு. நான் வங்கியில் வரிசையில் நிற்கும்போது, நேரம் தவறக்கூடாது என்று ஓரமாகத் திரும்பி ஒரு அடி அடித்தேன். தும்மல் வந்தது. வெள்ளைச் சட்டை, மூக்கிலிருந்து ஒழுகும் சிவப்பு. பின்னால் நின்ற அம்மாள் "ஐயையோ ரத்தம்!" என்றாள். காவலாளி என்னை அலாக்காகத் தூக்கி மேலாளரின் சோபாவில் கிடத்தினார். "பெரியவரே, கூட யாராச்சும் வந்திருக்காங்களா?" என்றார். "இது வைட்டமின்ப்பா" என்றேன். "சரி சரி, பேசாதீங்க, உளர்றீங்க" என்றார். ஒருவர் என் தலையை அண்ணாத்திப் பிடித்தார், இன்னொருவர் குனிய வைக்க வேண்டும் என்றார், இருவரும் என் தலையை வைத்துக்கொண்டே வாதாடினார்கள். உன் அக்கா வந்து, சட்டையை முகர்ந்து பார்த்து, "ஒண்ணுமில்லை, வழக்கம்போலத்தான்" என்று சொல்லி அழைத்து வந்தாள்.

அன்று முதல் மருந்து வீட்டில்தான். மருந்தோடு வந்த தாளில் எறும்புக்குக்கூடக் கண்ணாடி வேண்டும், அவ்வளவு பொடி எழுத்து, அதனால் உன் அக்காவே படித்துச் சொன்னாள். முன்னால் ஒரு மணி நேரம், பின்னால் ஒரு மணி நேரம், சூடாக எதுவும் குடிக்கக்கூடாது. ஆகவே டீ போயிற்று. அதோடு நீ போனில் சொன்னதாகச் சில விதிகளும் சொன்னாள். மருந்து அடித்ததும் ஒரு மணி நேரம் மல்லாந்து படுக்க வேண்டும். கண் மேல் ஈரத்துணி போட வேண்டும், "கண்ணைத் திறந்தா மருந்து கண்ணீரோட வெளியே வந்துடுமாம், தம்பி சொன்னான்." காதில் பஞ்சு அடைக்க வேண்டும், "காது வழியா காத்து போனா மூக்குல நிக்காதாம், தம்பி சொன்னான்." நோயாளியை அந்த ஒரு மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று கதவையும் சாத்திவிடுவாள். ஒரு மணி நேரம் கழித்து அவளே டீயோடு வந்து எழுப்புவாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் நீ. வெயிலில் அலைந்து வந்தவள் மாதிரி சிவந்து, தலை கலைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பாள். கட்டிய புருஷன் மேல் உள்ள கவலை ஒரு பெண்ணை இப்படியா உருக்கும் என்று எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

இத்தனையும் பட்டுத்தான் இந்த முந்நூற்று முப்பத்தொன்று. இன்று காலை எண்ணைச் சொல்லிவிட்டுக் கையை நீட்டினேன். "பேப்பர்ல ஏறினா ஆச்சா? கால்ல ஏறணும்" என்றாள். முந்நூறு என்று ஒத்துக்கொண்டாயே என்றேன். "நான் ரத்தத்துக்குச் சொன்னேன், ரோட்டுக்குச் சொல்லலை" என்றாள். டாக்டரோ, நரம்பு தேற இன்னும் சில மாதம் ஆகலாம், மருந்தைத் தொடருங்கள், சாவி விஷயத்தில் என்னை இழுக்காதீர்கள் என்கிறார். சாட்சி பின்வாங்கிவிட்டார். இப்போது கவையை வைத்தால் எனக்கு லேசாக ஒரு ஈ உட்கார்ந்த மாதிரி தெரிகிறது, அதை அவள் கணக்கில் எடுக்க மாட்டேன் என்கிறாள். நூலகத்துக்கு நடந்து போக முடியவில்லை, நண்பர்களைப் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று, எங்கே போவதென்றாலும் ஒருவரைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. எனவே, மருந்தை அனுப்பிய பொறுப்புள்ளவன் என்ற முறையில், "அக்கா, அத்தானிடம் சாவியைக் கொடு" என்று நீ ஒரு வரி எழுது. நீ சொன்னால் அவள் கேட்பாள். அவள் இந்த வீட்டில் மேற்கோள் காட்டுவது உன்னை ஒருவனைத்தான்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, ஊசியைக் கண்டு பயப்படாதவர்களாக வளர என் ஆசிகள். நீ விற்கும் மருந்தெல்லாம் விற்றுத் தீரட்டும், யாருக்கும் அது தேவைப்படாமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு, காதில் பஞ்சோடு, ஒரு கண்ணில் மட்டும் ஈரத்துணியோடு,
உன் அத்தான்.

பி.கு.: மேலே கேட்ட சிபாரிசை எழுத வேண்டாம். உன் அக்கா டீயோடு வருவதற்குள் தபால் பெட்டியில் போட்டுவிடலாம் என்று பஞ்சை எடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவினேன். ஸ்கூட்டரைக் காணவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரரிடம், "வண்டியை யாரோ திருடிட்டாங்க!" என்றேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அம்மா எடுத்துட்டுப் போயிருக்காங்க சார். தினமும் போறாங்களே. என் வீட்டுக்காரிதான் பின்னாடி உட்கார்ந்து கத்துக்குடுக்கிறா. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். அவருடைய பூதக்கண்ணாடியை வாங்கி வந்து மருந்துத் தாளை நானே படித்தேன். டீ விஷயம் இருக்கிறது. படுக்கை இல்லை, ஈரத்துணி இல்லை, பஞ்சு இல்லை. நீயாவது அப்படிச் சொன்னாயா என்பதை உடனே தெரிவிக்கவும்.

அவளைப் போனில் பிடித்துவிட்டேன். பெட்ரோல் பங்க்கில் இருந்தாள். "ஏன் எழுந்தீங்க?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. பிறகு, "நீங்க மரத்த காலோட ஓட்டினா நான் வாசல்லயே நின்னு சாகணும். நான் ஓட்டினா நீங்க பின்னாடி உட்கார்ந்து எங்கே வேணா போகலாம். நூலகத்துக்கு நானே கொண்டுபோய் விடறேன். கசக்குதா?" என்றாள். கசக்கவில்லை என்பதை நான் அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை, உன்னிடம் சொல்கிறேன். லைசென்ஸ் தேர்வு வியாழக்கிழமை காலையாம். தேறினால் மாலையே நான் பின்சீட்டில். தேறாவிட்டால் அவளுக்கு இன்னும் ஒரு மாதப் பயிற்சி வேண்டும், எனக்கு இன்னும் ஒரு மாதம் பஞ்சு வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டாள். முடிவு வியாழன் மதியம் தெரியும்.